அத்திவாரத்துக்கு முன் ஒரு மாரி

உரும்பிராயில் பற்றை மூடிய வளவொன்றில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் தேடுவது ஜேசிபிக்காரரின் தொலைபேசி எண்ணை. ஒரு நாள் வேலை என்று பேசி முடிப்பார்கள். காலையில் இயந்திரம் வரும். இப்பிலிப்பிலும் உண்ணிச்செடியும் இடுப்பளவு பார்த்தீனியமும் வேரோடும் மண்ணோடும் ஒரு மூலைக்கு ஒதுக்கப்படும். பின்னேரம் காணி சிவப்பாக, வெறுமையாக, சுத்தமாகத் தெரியும். அதைப் படம் எடுத்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்புவார்கள். மாரியின் முதல் மழை விழுந்து மூன்று கிழமை போனதும் அதே காணி மறுபடி பச்சையாகும். தரையோடு ஒட்டிய, கரட் இலைபோல் பிளவுபட்ட இலைகள் அந்தப் பச்சையில் பெரும்பங்காக இருக்கும். பார்த்தீனியம்தான்.

இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கண்ணுக்குத் தெரிந்த செடியை எடுத்தது. அந்தச் செடியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருந்தது. கட்டட வேலைக்கு முன் காணியைத் துப்புரவாக்குவது பற்றி எங்களிடையே இருக்கிற தவறான எண்ணம் முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எந்தச் செடி எங்கே தன் உயிரை ஒளித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் மண்ணைக் கிளறினால் அதை அழிப்பதற்குப் பதிலாக விதைத்துவிட்டு வருவோம்.

பார்த்தீனியம் இந்த மண்ணுக்கு வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுதான் ஆகிறது. மெக்சிக்கோ வளைகுடாவைச் சுற்றிய நாடுகளே அதன் தாயகம். இந்தியாவில் அது பெரிதாகக் கவனத்துக்கு வந்தது 1950களின் நடுப்பகுதியில், பூனாவில். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்திருக்கும் என்பது பரவலான கருத்து. அங்கிருந்து சில பத்தாண்டுகளில் இந்தியா முழுவதும் பரவியது. இலங்கைக்கு வந்த வழியாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது இது: 1987 யூலையில் வந்த இந்திய அமைதி காக்கும் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளின் உடலிலும் சாணத்திலும் தீவனத்திலும் விதை ஒட்டி வந்தது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அது முதலில் வேரூன்றியதும் இந்தக் கதைக்குப் பொருந்துகிறது. அந்த ஆண்டு ஒக்டோபரில் உரும்பிராயும் கோப்பாயும் சண்டையின் நடுவில் இருந்தன. செடி ஒன்று புதிதாக முளைக்கிறதா என்று பார்க்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை.

போரோடு இந்தச் செடி பயணம் செய்வது யாழ்ப்பாணத்தில் மட்டும் நடந்ததல்ல. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1955இல் அது முதலில் காணப்பட்டபோது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த விமான, இயந்திரப் பாகங்களோடு வந்திருக்கலாம் என்றே கருதினார்கள். எத்தியோப்பியாவில் 1970களின் ஒகாடென் போர்க்கால வாகனங்களோடும், பின்னர் உணவு உதவித் தானியத்தோடும் அது இணைத்துப் பேசப்படுகிறது. படை நகரும்போது சக்கரத்தில் ஒட்டிய மண்ணும் நகர்கிறது. மண்ணோடு விதையும் நகர்கிறது. அதற்குப் பின் மக்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனதை இந்த நூலைப் படிக்கும் பலர் கால்களாலேயே அறிவார்கள். கொத்தாத தோட்டம், கூட்டாத முற்றம், ஆடு கட்டாத வளவு எல்லாம் அந்த மாதங்களில் பற்றையாயின. திரும்பி வந்தவர்கள் திரும்பி வந்தார்கள். வராதவர்களின் வளவு இன்றும் வேலிக்குள் பூட்டியே கிடக்கிறது. இப்போது வீடு கட்டப்படுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட காணிகளில்தான்.

உரும்பிராய் மண் இந்தச் செடிக்கு ஏன் இவ்வளவு பிடித்தது? வலிகாமத்தின் செம்மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த மண். கோப்பாய், உரும்பிராய், திருநெல்வேலிப் பக்கத்தில் அது ஆழமாகவும் இளக்கமாகவும் இருக்கிறது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாழையும் புகையிலையும் நன்றாக வருவதற்குக் காரணமான அதே குணங்கள் பார்த்தீனியத்துக்கும் உதவுகின்றன. சுண்ணாம்புச் சத்துள்ள, சற்றுக் காரத்தன்மையான மண்ணை அது விரும்பும். மழையில்லாத காலத்திலும் கிணற்று நீர் பாயும் தோட்டங்கள் பக்கத்திலேயே இருப்பதால் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு வரம்பில் அது பூத்துக்கொண்டிருக்கும். முளைத்து நான்கைந்து கிழமையிலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஒரு பயிர்ப் போகம் முடிவதற்குள் அது பேரன் பேத்தி கண்டுவிடும்.

பூவைக் கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பொட்டுப்போல் தெரிவது ஒரு பூவல்ல, பூக்கொத்து. அதன் விளிம்பில் ஐந்தே ஐந்து சிறு இதழ்கள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விதை. ஒரு பொட்டுக்கு ஐந்து விதைதான். ஆனால் நல்ல செடி ஒன்றில் ஆயிரக்கணக்கான பொட்டுகள் இருப்பதால் ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைவரை உதிர்ப்பது சாதாரணம். விதை இரண்டு மில்லிமீற்றர் நீளம்தான் இருக்கும். அதன் இரு பக்கத்திலும் காய்ந்த சிறு பூக்கள் காற்றுப்பைபோல் ஒட்டியிருக்கும். அதனால் நீரில் மிதக்கும். சேற்றோடு செருப்பிலும் ரயரிலும் ஜேசிபியின் வாளியிலும் ஒட்டிக்கொள்ளும்.

குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களில் ஒரு சதுர மீற்றர் மண்ணில் 3,200 முதல் 44,700 வரை பார்த்தீனிய விதை இருந்ததாக ஆய்வாளர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் கைவிடப்பட்ட வயல்களில் 200,000 என்ற மதிப்பீடும் உண்டு. எங்கள் கணக்கில் ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். குயின்ஸ்லாந்தின் மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுத்தாலே ஒரு பரப்பில் 8 இலட்சம் விதை வருகிறது. கூடிய எண்ணிக்கை என்றால் 1 கோடியே 13 இலட்சம். ஜேசிபி ஒதுக்கிய செடிகளோடு இந்த விதைகள் போய்விடவில்லை. அவை காணியிலேயே இருக்கின்றன, அல்லது அதைவிட மோசமாக, வேறொருவர் காணிக்குப் போய்விட்டன.

இந்த விதைகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது அவை கிடக்கும் ஆழத்தைப் பொறுத்தது. கட்டட வேலைக்கு முன் காணி திருத்துகிறவருக்கு இந்த அத்தியாயத்தில் மிகவும் பயன்படக்கூடிய உண்மை இதுதான் என்று நான் நினைக்கிறேன். மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் விதைகள் அதிக காலம் தாக்குப்பிடிப்பதில்லை. வெயிலில் காய்கின்றன, எறும்பு கொண்டுபோகிறது, மழைக்கு முளைக்கின்றன. அரை ஆண்டுக்குள் பெரும்பாலானவை முடிந்துவிடும். அதே விதையை இரண்டு அங்குலம் புதைத்து வைத்துப் பார்த்த அவுஸ்திரேலிய ஆய்வில் இரண்டு ஆண்டு கழித்தும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உயிரோடு இருந்தது. இருட்டிலும் ஈரத்திலும் அது தூங்குகிறது. அந்த ஆழத்துக்குக் கீழிருந்து முளைத்து மேலே வர அதற்குச் சக்தி போதாது. ஆகவே காத்திருக்கிறது. யாராவது மண்ணைப் புரட்டி மேலே கொண்டுவரும் வரை.

அத்திவாரம் வெட்டுவது என்றால் மண்ணைப் புரட்டுவதுதான். மலகூடக் குழி, கிணறு, மதிற்சுவர், நீர்த்தாங்கி எல்லாவற்றுக்கும் அதே கதை. மேல்மண் கீழே போகிறது, கீழ்மண் மேலே வருகிறது. துப்புரவாக்கும்போது ஜேசிபி வாளியால் ஓரடி ஆழத்துக்கு மண்ணை வழித்து, குவித்து, மறுபடி பரப்பினால் மேற்பரப்பில் அரை ஆண்டில் செத்திருக்கக்கூடிய விதைகளைப் பத்திரமாகப் புதைத்து வைக்கிறோம். முன்பே புதைந்து கிடந்தவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முளைக்கச் சொல்கிறோம். இரண்டு தவறையும் ஒரே நாளில், கூலி கொடுத்துச் செய்கிறோம்.

பிரித்தானியாவில் வாழும் எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த செடி ஒன்றை இதோடு ஒப்பிட வேண்டும். ஜப்பானிய நொட்வீட் என்ற செடியை 1850இல் சீபோல்ட் என்ற தாவர சேகரிப்பாளர் லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். தோட்ட அழகுக்காக நட்டது ஆற்றங்கரைகளையும் ரயில் பாதைகளையும் கட்டடக் காணிகளையும் பிடித்துக்கொண்டது. 1990இன் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அந்தச் செடி கலந்த மண் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. உரிமம் உள்ள இடத்தில்தான் கொட்டலாம். வீடு விற்கிறவர் நிரப்பும் படிவத்தில் இந்தச் செடி காணியில் உண்டா என்ற கேள்வியே இருக்கிறது. உண்டு என்றால் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். 2012 ஒலிம்பிக்குக்காகக் கிழக்கு லண்டனில் பூங்கா அமைப்பதற்கு முன் அங்கே அடர்ந்திருந்த நொட்வீட்டை அகற்றுவதே தனி வேலையாக நடந்தது.

நொட்வீட் பிரித்தானியாவில் விதையால் பரவுவதில்லை. அங்கே இருப்பதெல்லாம் ஒரே பெண் செடியின் வாரிசுகள். நிலத்தடித் தண்டின் ஒரு கிராமுக்கும் குறைந்த துண்டு போதும், புதுச் செடி எழும். அதனால் ஆழமாகத் தோண்டி, துண்டு விடாமல் எடுத்து, மண்ணையே காணியிலிருந்து அகற்றுகிறார்கள். பார்த்தீனியத்தின் இயல்பு இதற்கு நேர்மாறு. நிலத்தடித் தண்டு கிடையாது, ஒற்றை ஆணிவேர்தான். விதை ஒன்றே அதன் வழி. நொட்வீட்டுக்கு ஆழமாகத் தோண்டுவது மருந்து என்றால் பார்த்தீனியத்துக்கு அது உரம். லண்டனில் கட்டட வேலை பார்த்து அனுபவப்பட்டவர் ஊரில் தன் காணிக்கும் அதே முறையைச் சொல்லிக் கொடுத்தால், நல்லெண்ணத்தோடு பெருங்கேட்டைச் செய்துவிடுவார்.

அந்தப் பிரித்தானியச் சட்டத்தின் உள்ளே இருக்கும் ஒரு கருத்தை மட்டும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். களை கலந்த மண் சாதாரண மண் அல்ல என்பதே அது. ஒரு பரப்பில் நான்கு அங்குல மேல்மண்ணை வழித்தால் ஏறத்தாழ ஒன்பது கியூப் மண் வரும். மேலே சொன்ன குறைந்த கணக்கிலேயே ஒரு கியூப்பில் 90,000 விதை. இந்த மண்ணை ரிப்பரில் ஏற்றிப் பள்ளமான இன்னொரு காணியை நிரப்ப விற்றால் அந்தக் காணிக்காரர் பணம் கொடுத்துப் பார்த்தீனியம் வாங்குகிறார். யாழ்ப்பாணத்தில் இது அன்றாடம் நடக்கிறது. செம்மண்ணுக்கு எப்போதும் கிராக்கி. குடாநாட்டுக்குள்ளேயே இந்தச் செடியைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனதில் ஆட்டைவிட ரிப்பருக்குப் பங்கு அதிகம் என்பது என் தீர்மானமான கருத்து.

இனி என்ன செய்யலாம்? விடை எங்கள் தோட்டக்காரர்களின் கையிலேயே இருக்கிறது. வெங்காயம் நடுவதற்கு முன் மண்ணைக் கொத்தி, நீர் விட்டு, முளைத்த களையைச் செருக்கி, மறுபடி நீர் விட்டு, மறுபடி செருக்கி, அதன் பிறகுதான் நடுகிற பழக்கம் இங்கே உண்டு. விதைகளை நாமாகவே எழுப்பி, பூக்கவிடாமல் கொல்வதுதான் அதன் தத்துவம். கட்டடக் காணியில் நீர் இறைக்க வேண்டியதும் இல்லை. வானம் அதைச் செய்யும். யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் விழுகிறது. மார்கழியில் எவரும் அத்திவாரம் போடுவதில்லை. நிலையம் எடுத்து நாள் வைப்பதும் பெரும்பாலும் தைக்குப் பிறகுதான். மழை விடாத ஐப்பசி கார்த்திகையில் மேசன்மாரும் வரமாட்டார்கள். கட்டடத்துக்குப் பயன்படாத அந்த மூன்று மாதமும்தான் களை விதைகள் விழிக்கும் காலம்.

ஆகவே தையில் நாள் வைப்பவர் புரட்டாதியிலேயே காணிக்குள் இறங்க வேண்டும். முதலில் நின்று காய்க்கும் செடிகளைக் கையால் பிடுங்குவது. நிலம் நனைந்திருக்கும்போது ஆணிவேர் முழுதாக வரும். காய்ந்த நிலத்தில் இழுத்தால் கழுத்தோடு அறும், அறுந்த இடத்திலிருந்து மறுபடி நான்கு கிளை விடும். புல்வெட்டும் இயந்திரம் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். வெட்டிய செடி முன்னைவிடக் குட்டையாக, முன்னைவிட விரைவாகப் பூக்கும். பிடுங்குகிறவர் முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகத்துக்குத் துணியும் போட்டே இறங்க வேண்டும். இதன் இலையிலும் மயிரிழைகளிலும் உள்ள பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் தோலில் கடியையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். மகரந்தம் தும்மலையும் இழுப்பையும் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்த உடலுக்கு அடுத்தடுத்த முறை குறைந்த அளவே போதும். நாட்கூலிக்கு வரும் பெண்களை வெறுங்கையோடு இந்த வேலையில் இறக்குவது மன்னிக்க முடியாதது. கையுறையின் விலை ஒரு தேநீருக்கும் வடைக்கும் மேல் பெரிதாக இல்லை.

பூக்காத செடியைக் குப்பைக் கிடங்கில் போட்டு உக்கவிடலாம், நல்ல பசளையாகும். பூத்ததையும் காய்த்ததையும் அப்படிச் செய்யக்கூடாது. காணியின் ஒரு மூலையில் மூன்றடிக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டி, அதற்குள் போட்டு மூட வேண்டும். அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வைத்து, பிறகு அங்கே மதிலுக்கோ குழாய்க்கோ தோண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டுக்குப் போடலாமே என்று நினைக்கவேண்டாம். தின்ற மாட்டின் பால் கைக்கும், கூடத் தின்றால் மாட்டுக்கே நோய் வரும்.

செடி போனபின் மண்ணை மண்வெட்டியால் மேலோட்டமாக, ஓரங்குலம் அளவுக்கு மட்டும் செருக்கிவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். முதல் மழைக்கு விதைகள் கூட்டமாக முளைக்கும். அதைக் கண்டு மனம் சோர வேண்டியதில்லை. முளைத்த ஒவ்வொன்றும் மண்ணிலிருந்து குறைந்த ஒரு விதை. இலைகள் தரையோடு வட்டமாக விரிந்திருக்கும் பருவத்தில், மூன்று கிழமைக்கு ஒருமுறை, வெயில் எறிக்கும் நாளாகப் பார்த்து மறுபடி செருக்க வேண்டும். பூக்க நான்கு கிழமை என்றால் மூன்றாவது கிழமையே எங்கள் எல்லை. மாரி முடிவதற்குள் நான்கு முறை இப்படிச் செய்யலாம். மேல் இரண்டு அங்குலத்து விதைகளில் பெரும்பங்கு அதோடு தீரும். ஆழத்தில் கிடப்பவை தூங்கட்டும். அவற்றை எழுப்பாமல் விடுவதே நோக்கம்.

தையில் அத்திவாரம் வெட்டும்போது இந்த உழைப்பு வீணாகாமல் இருக்க, கான் வெட்டும் இடத்தில் மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் போடச் சொல்ல வேண்டும். ஜேசிபிக்காரருக்கு இது பத்து நிமிடக் கூடுதல் வேலை. மேல்மண் வீட்டின் உள்தளத்தை நிரப்பப் போகட்டும். கொங்கிறீற்றின் கீழ் போன விதை எவருக்கும் தொல்லை தராது. அடிமண் முற்றத்துக்கு வரட்டும். எந்த மண்ணும் காணிக்கு வெளியே போகவேண்டாம். குவியலாகக் காத்திருக்கும் மேல்மண்ணை நனைத்து, மெல்லியதாகப் பரப்பி, தெளிவான பொலித்தீனால் ஓரங்களை இறுக்கி மூடிவைத்தால் பங்குனி சித்திரை வெயிலில் அதன் கீழ் விதைகள் அவியும். 1970களில் இஸ்ரேலில் ஜாகோவ் கட்டான் என்ற ஆய்வாளர் மண்நோய்க் கிருமிகளை அழிக்க உருவாக்கிய முறை இது. நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். கறுப்புப் பொலித்தீனைவிடத் தெளிவானது சூட்டை மண்ணுக்குள் கூட அனுப்பும். நனையாத மண்ணில் இது பலிக்காது. காய்ந்த விதை சூட்டைத் தாங்கிக்கொள்ளும், நீர் குடித்து ஊறிய விதை தாங்காது.

களைக்கொல்லி அடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிளைபோசேற் 2015இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்டது. கடையில் கிடைக்கிறது என்பதால் அது இந்த வேலைக்கு ஏற்றது என்று ஆகாது. பச்சை இலையில் பட்டால் அந்தச் செடி சாகும். மண்ணுக்குள் இருக்கும் 8 இலட்சம் விதையில் ஒன்றைக்கூட அது தொடாது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கிய மழைநீர். மேலே ஊற்றியது கீழே எவ்வளவு விரைவில் கிணற்றைச் சேரும் என்பதை 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது எல்லோரும் பார்த்தோம். உரும்பிராயிலிருந்து சுன்னாகம் சில கிலோமீற்றர்தான். இன்னும் சிலர் உப்புக் கரைசலைச் சிபாரிசு செய்கிறார்கள். உண்மைதான், செறிந்த உப்புநீர் பார்த்தீனிய இலையைக் கருக்கும். ஆனால் எங்கள் நன்னீரே கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. அதற்குள் நாங்களே உப்பை இறக்குவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இப்பிலிப்பில் வேறு மாதிரியான எதிரி. அதற்கும் தாயகம் மெக்சிக்கோப் பக்கம்தான். ஆட்டுக்குக் குழையாகவும் வேலிக் கதியாலாகவும் விறகாகவும் உதவும் என்று ஊக்குவித்து நடப்பட்ட மரம், கைவிட்ட வளவுகளில் இன்று தானே காடாகி நிற்கிறது. இதை அடியோடு தறித்தால் கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஆனால் பக்கவேரிலிருந்து புதுக் கன்று விடுவதில்லை. ஆகவே அலவாங்கால் சுற்றிக் கிண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டிக் கட்டையை எடுத்துவிட்டால் அந்த மரம் முடிந்தது. இங்கே ஜேசிபி உண்மையில் உதவும். விதைகள் கடினமான ஓட்டுக்குள் இருப்பவை, பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் காத்திருக்கக்கூடியவை. சூடு அந்த ஓட்டில் வெடிப்பை உண்டாக்கி நீரை உள்ளே விடும். வெட்டிய பற்றையைக் காணியின் நடுவில் குவித்துக் கொளுத்துகிற வழக்கத்துக்குப் பிறகு, எரிந்த வட்டத்தைச் சுற்றி இப்பிலிப்பில் கன்றுகள் நாற்றுமேடைபோல் எழுவது இதனால்தான். காய் முற்றுவதற்கு முன் மரத்தை எடுப்பது, காய் இருந்தால் சாக்கில் கட்டி வெளியே எடுத்த பின் தறிப்பது, காணிக்குள் தீ வைக்காமல் இருப்பது, இவ்வளவும் போதும்.

துப்புரவு என்றால் எல்லாவற்றையும் வழிப்பது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். பார்த்தீனியம் நிழலைத் தாங்காது, நெருக்கத்தைத் தாங்காது. அது தேடுவது வெறும் மண். இயந்திரம் வரமுன் காணியைச் சுற்றி நடந்து, நிற்கவேண்டியவற்றுக்குத் துணி கட்டி அடையாளம் வைக்கலாம். வேம்பும் பூவரசும் வேலிக் கிளுவையும் மட்டுமல்ல, ஆடாதோடை, நொச்சி, மொசுமொசுக்கை, முடக்கொத்தான், கீழ்க்காய்நெல்லி எல்லாம் பற்றைக்குள் இருக்கும். பனையைத் தறிக்க அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தறிக்க வேண்டியே வராதபடி வீட்டின் இடத்தை ஐந்தடி நகர்த்தலாம் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். வீடு எழும்பாத பகுதியில் வெறும் மண் தெரியாமல் தகரையை விதைத்து விடுவது நல்லது. இந்தியாவில் தகரை இனச் செடிகளை அடர்த்தியாக வளரவிட்டுப் பார்த்தீனியத்தை நெருக்கி வெளியேற்றிப் பார்த்திருக்கிறார்கள். 1984இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிக்கோ வண்டு இலையைத் தின்று செடியைக் குறைத்ததும் உண்மை. ஆனால் வண்டு ஒரு நாட்டுக்குரிய மருந்து, அரசும் ஆய்வு நிலையங்களும் முடிவெடுக்க வேண்டியது. ஒரு பரப்புக் காணிக்காரர் செய்யக்கூடியது தகரை விதைப்பதுதான்.

வெளியிலிருந்து வருவதையும் காக்க வேண்டும். குயின்ஸ்லாந்தில் வாகனங்களும் இயந்திரங்களும் பார்த்தீனியப் பகுதியிலிருந்து வெளியேறும்போது கழுவுவதற்கென்றே வீதியோரத்தில் கழுவுமிடங்கள் அமைத்திருக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸுக்குள் போகும் அறுவடை இயந்திரங்கள் சுத்தமாக்கப்பட வேண்டும் என்பது அங்கே விதி. எங்களிடம் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன், ஆகாயத்தாமரையைத் தடுக்க 1909இலேயே இந்தத் தீவில் சட்டம் இயற்றியிருந்தார்கள். வடமாகாண சபை இருந்த காலத்தில் விவசாய அமைச்சு பார்த்தீனிய ஒழிப்பை ஓர் இயக்கமாகவே நடத்தியது, பள்ளிப் பிள்ளைகளும் இறங்கிப் பிடுங்கினார்கள். அந்த முயற்சியை மதிக்கிறேன். ஆனால் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவரிடம் இந்தக் காணியில் பார்த்தீனியம் உண்டா, மண்ணை எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று கேட்கும் ஒரு வரி பிரதேச சபைப் படிவத்தில் சேர்ந்தால் அது பத்துச் சிரமதானங்களுக்குச் சமம். அதற்குப் புதுச் சட்டமோ பணமோ தேவையில்லை.

படிவம் மாறும்வரை காணிக்காரரே கேட்க வேண்டும். ஜேசிபி போன கிழமை எந்தக் காணியில் நின்றது, வாளியும் சங்கிலியும் கழுவியதா என்று கேட்கலாம். மண் ஏற்றிவரும் ரிப்பர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, முடிந்தால் அந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாம். அங்கே வெள்ளைப் பூ தெரிந்தால் அந்த மண் வேண்டாம். தென்னங்கன்றுக்கு வாங்கும் எருவுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

வீடு முடிந்து குடிபுகுந்த பின்னும் இரண்டு மாரிக்குக் கவனம் தேவை. கான் வெட்டிய ஓரம், மலகூடக் குழியின் மேல், மதிலின் அடி, கிணற்றுக் கட்டைச் சுற்றி நீர் வழியும் இடம், இந்த நான்கு இடத்திலும்தான் எஞ்சிய விதை முளைக்கும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி உறவினரைக்கொண்டு கட்டுவிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஓட்டின் நிறத்தையும் மாபிளின் விலையையும் கேட்கும் அதே அழைப்பில், காணியில் என்ன முளைத்திருக்கிறது என்றும் கேளுங்கள். ஐப்பசியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை காணியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செருக்குகிற ஆளுக்கு நான்கு நாள் கூலியும் ஒரு சோடிக் கையுறையும் உங்கள் செலவுக் கணக்கின் முதல் வரியில் இருக்கட்டும்.